காற்றைத் திருப்பிக் காட்டிய அம்பு

1

2015 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. பெர்கனில் பிற்பகல் ஒன்று இருபது. எங்கள் கடலோர ஊரான கடியப்பட்டணத்தில் அப்போது மாலை ஐந்தை நெருங்கியிருக்கும். ஞாயிறன்று எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே, இலக்கியத்தில் முதுகலை படிக்க நார்வேக்கு வந்த நாள்முதல், வீட்டோடு பேசுவதற்கு நான் வைத்துக்கொண்டது அந்தக் கிழமைதான். வழக்கமாக அம்மாவின் முதல் கேள்வி சோறு பற்றியதாக இருக்கும். அன்று அது வரவில்லை.

“ஒனக்க அண்ணன் நேத்து செத்துப் பிழைச்சு வந்து கெடக்கான். அவன்கிட்டயே கேளு மக்கா.”

அண்ணன் சகாயம் கைபேசியை வாங்கினான். அவன் குரலில் பயத்தைவிடக் கூச்சம்தான் மிகுந்திருந்தது.

“ஒண்ணும் இல்லட்டி. போன்ல கச்சான்னு காட்டிச்சு. வந்தது வாடை.”

கடல் அறியாத வாசகர்களுக்காக இந்த வரியை விளக்க வேண்டும். கச்சான் என்பது மேற்கு, தென்மேற்கிலிருந்து, கடற்பக்கமிருந்து கரையை நோக்கி வீசும் காற்று. வாடை வடக்கு, வடகிழக்கிலிருந்து, நிலத்தின் பக்கமிருந்து கடலை நோக்கி வீசுவது. தூரக்கடலுக்குப் போன வள்ளம் திரும்பும்போது கச்சான் முதுகைத் தள்ளிக் கரை சேர்க்கும். வாடை முகத்தில் அறைந்து கடலுக்குள்ளேயே தள்ளும். சனிக்கிழமை நண்பகலுக்குக் கச்சான் என்று அண்ணனின் கைபேசியிலிருந்த வானிலைச் செயலி காட்டியதாக அவன் எண்ணினான். வள்ளத்து இயந்திரத்துக்கு அதற்குத் தக்க அளவில்தான் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு போனான். வந்தது வாடை. திரும்பும் பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து இயந்திரம் நின்றது. குளச்சலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு விசைப்படகு கயிறு போட்டு அவர்களை இழுத்து வந்திருக்கிறது.

இன்றோடு அதற்கு ஓராண்டு நிறைகிறது. கணினி படிக்காத நான் ஒரு மென்பொருளுக்கு உரிய பலரில் ஒருத்தியாக ஆனது அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது என்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

2

அந்தச் செயலியை அண்ணனே தேடிக் கண்டுபிடித்திருந்தான். விளம்பரம் கிடையாது. கரையில் சமிக்ஞை இருக்கும்போது அடுத்த சில நாள்களின் காற்றையும் நீரோட்டத்தையும் இறக்கிவைத்துக்கொள்ளும். சமிக்ஞை இல்லாத கடலிலும் அதைக் காட்டும். அவன் சொல்லிக் கரையிலிருந்த பலரும் அதை வைத்துக்கொண்டார்கள். அதில் எழுத்து ஏதும் இல்லை. காற்றுக்கு ஓர் அம்பு, நீரோட்டத்துக்கு ஓர் அம்பு, வேகத்துக்கு எண்.

நான் இங்கிருந்தே அதை இறக்கிப் பார்த்தபோது பிழை எங்கே என்று புரிந்தது. காற்று எந்தத் திசையை நோக்கிப் போகிறதோ அந்தத் திசையை அம்பின் முனை காட்டியது. எங்கள் கரையிலோ, “காத்து எங்க?” என்று கேட்டால் எவருடைய கையும் காற்று வரும் பக்கத்தை நோக்கித்தான் நீளும். நீரோட்டத்தைக் கேட்டால் அதே கை, நீர் போகும் பக்கத்தைக் காட்டும். இரண்டுக்கும் கை வேறு வேறாக நீள்வதை நாங்கள் யாரும் ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணன் அம்பைக் கையாகப் படித்துவிட்டான். முனை தென்மேற்கில் இருந்தது. கச்சான் என்று கொண்டான்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவள் ஒரு தீர்வு வைத்திருந்தாள்.

“அப்போ போனத் தலைகீழாப் புடிச்சாப் போதாதா? இதுக்கா இவ்வளவு பேச்சு?”

“தலைகீழாப் புடிச்சா நீவாடு தப்பாயிரும்மா,” என்றான் அண்ணன். நீவாடு என்பது எங்கள் கரையில் நீரோட்டத்துக்குப் பெயர்.

“ஒண்ணு செரியானா ஒண்ணு தப்பு. நல்ல சாதனம் வாங்கி வச்சிருக்க.”

“வாங்கல்ல. சும்மா குடுத்தாவ.”

“சும்மா குடுத்தது அப்பிடித்தான் இருக்கும்.”

பிறகு அம்மா செய்ததுதான் எனக்கு உறக்கம் இல்லாமல் ஆக்கியது. அன்று மாலையே அண்ணனைக் கடற்கரைக் குருசடிக்கு அழைத்துப்போய், சிலுவையின் அடியில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள்: அந்த அம்பு சரியாகும்வரை அவன் தூரக்கடலுக்குப் போகக் கூடாது. கரையோரத்தில் என்ன மீன் கிடைக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சத்தியத்தை மீறுகிறவன் அண்ணன் அல்ல. செயலியைத் தூக்கிப் போடவும் அவன் தயாராக இல்லை. அவன் போட்டாலும் அவன் சொல்லி வைத்துக்கொண்டவர்கள் போடப்போவதில்லை.

“நீ படிச்சவ. அவியகிட்ட சொல்லி செரியாக்கிக் குடு,” என்றாள் அம்மா. “ஆனதுக்கு அப்புறம் எனக்குச் சொல்லு.”

3

அவர்கள் யார் என்று தேடினேன். நிறுவனம் இல்லை, அலுவலகம் இல்லை, முகவரி இல்லை. ஓர் இணையப்பக்கம் இருந்தது. அதில் செயலியின் மூலநிரல் முழுவதும் எவரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து கிடந்தது. கட்டற்ற மென்பொருள் என்று அதற்குப் பெயர். குறைகளைப் பதிவதற்கு ஓர் இடமும் இருந்தது.

குறை என்ற சொல்லைக் கண்டதும் என் கை தானாகவே பழக்கப்பட்ட வழியில் போனது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறைப்படி பிரித்து எழுதினேன். பெறுநர் என்ற இடத்தில், ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்கள்’. பொருள்: ‘காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறியைச் சரிசெய்து தர வேண்டுதல் தொடர்பாக’. நடந்தவற்றைக் கூறி, தாங்கள் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு வேண்டி, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தேன். மனுவுக்குப் பதில் வர எவ்வளவு காலம் ஆகும் என்பதும் எனக்குப் பழக்கமே.

மறுநாள் பதில் வந்தது.

“வணக்கம். நான் ஐயா இல்லை. இங்கே ஐயா என்று யாருமே இல்லை. என் பெயர் இனெஸ். உங்கள் அண்ணன் இப்போது நலமாக இருக்கிறாரா?”

அந்தக் கேள்விக்குக் கீழே மற்றவை இருந்தன. இனெஸ் போர்ச்சுகலின் ஒரு துறைமுக ஊரில் பல் மருத்துவர். மாலை நேரங்களில் இந்தச் செயலியைப் பராமரிக்கும் சிலரில் ஒருத்தி. அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குள்ளும் நெடுநாளாக விவாதம் நடந்துகொண்டிருக்கிறதாம். கடைசி வரி இப்படி இருந்தது: “நீங்களே திருத்தி அனுப்பிப் பார்க்கிறீர்களா?”

அதை நான் பலமுறை படித்தேன். அதே வாரம் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் காவல் அலுவலகத்தில் வரிசைச் சீட்டு எடுத்து உட்கார்ந்திருந்தேன். கைரேகை, நிழற்படம், பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட கடிதம். அதிலும் என் தந்தையின் பெயரை என் குடும்பப் பெயராகக் கொண்டு அதிகாரி என்னை “செபஸ்தியான்” என்று அழைத்தார். இல்லாத என் அப்பாவுக்காக நான் எழுந்து போனேன். இந்தப் பக்கமோ, முன்பின் தெரியாத ஒருத்தி, தன் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல் ஒரு மென்பொருளை என்னிடம் கொடுத்து, திருத்திப் பார் என்கிறாள். நீ என்ன படித்தாய் என்று கேட்கவில்லை.

ஞாயிறன்று அம்மாவிடம் சொன்னேன்.

“அவளுக்கு யாரு சம்பளம் குடுக்கா?”

“யாரும் குடுக்கல்லம்மா.”

“பின்ன எதுக்குச் செய்யா?”

“தெரியல்லம்மா.”

“சம்பளம் இல்லாம செய்யவள நம்பியா எனக்க மவன் கடலுக்குப் போனான்?”

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “திருநாளுக்குக் கொடிமரம் நடுகதுக்கு நமக்கு யாரும்மா சம்பளம் தந்தா?”

“அது அந்தோணியாருக்கு. இது யாருக்கு?”



4

மூலநிரலை முழுமையாக என் கணினிக்கு இறக்கிக்கொண்டேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆகவே தெரிந்ததைச் செய்தேன்: படித்தேன்.

பழைய நூல் ஒன்றின் நல்ல பதிப்பை எடுத்தால், அடிக்குறிப்பில் பாடபேதங்கள் இருக்கும். இந்தச் சுவடியில் இந்தச் சொல், அந்தச் சுவடியில் வேறு சொல், பதிப்பாசிரியர் இதைக் கொண்டதன் காரணம் இன்னது. என் படிப்பில் நான் மிகவும் நேசித்த பகுதி அதுதான். இந்த நிரலின் ஒவ்வொரு வரிக்கும் அத்தகைய குறிப்பு இருந்தது. யார் எழுதினார், எப்போது மாற்றினார், முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது, ஏன் மாற்றினார். ஒரு வரியும் தொலைந்துபோகவில்லை. பிழையான வரிகள்கூடத் தங்கள் காரணத்தோடு பாதுகாக்கப்பட்டிருந்தன. நூற்றாண்டுகள் கழித்து எவரோ ஏட்டைக் கிளறிக் கண்டுபிடிக்க வேண்டியதை, இவர்கள் எழுதும்போதே எழுதி வைத்துக்கொண்டு போகிறார்கள். நூலகத்தில் என் மேசையில் அமர்ந்து அதை உருட்டிக்கொண்டே போனபோது, ஒரு பெரிய கோவிலுக்குள் செருப்பைக் கழற்றாமல் நுழைந்துவிட்டதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்பை வரையும் வரியைக் கண்டுபிடித்தேன். அதை எழுதியவர் யாரோ ஒரு பாய்மரக்காரர். அருகே அவர் விட்டுப்போன குறிப்பு: “காற்றோடு ஓடும்போது படகில் நிற்பவனுக்குத் தோன்றுவதுபோல.” எனக்கு அவர்மீதிருந்த கோபம் அப்போதே போய்விட்டது. அவரும் தன் உடம்பிலிருந்துதான் திசையை எடுத்திருந்தார்.

5

நான் குடியிருந்தது வத்சலா அக்காவின் வீட்டு மாடி அறையில். பருத்தித்துறையிலிருந்து வந்து இங்கே நெடுங்காலம் ஆனவர். அவருடைய மகள் அபிராமிக்குப் பன்னிரண்டு வயது. தாயின் தமிழுக்கு நார்வேஜிய மொழியில் பதில் சொல்லும் பிள்ளை. இரவுணவின்போது நான் என்ன எழுதுகிறேன் என்று அக்கா கேட்டார். கச்சானைப் பற்றி என்றேன்.

“கச்சான் எங்கட ஊரிலயும் இருக்குது பிள்ளை. சோழகம், வாடை, கொண்டல், கச்சான். அப்பா முத்தத்தில நிண்டு சொல்லுவார்.”

அபிராமி அதிசயமாகத் தமிழில் குறுக்கிட்டாள். “கச்சான் எண்டா கொறிக்கிறதெல்லோ அம்மா?” அவர்கள் ஊரில் வேர்க்கடலைக்கும் அதுதான் பெயர்.

அக்கா சிரித்தார். “அதுவும் கச்சான்தான்,” என்றார். “இவளுக்குக் காத்தைக் காட்ட எனக்குக் கடல் எங்க இருக்குது?”

பெர்கனில் கடல் இல்லாமல் இல்லை. அது எங்கள் தெருமுனையிலேயே கிடந்தது. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

6

என் முதல் திருத்தம் மிக எளியது. காற்றின் அம்பைத் திருப்பிவிட்டேன். ஒரே ஒரு வரி. அது சரியாக இயங்கியது. அனுப்பிவிட்டு, ஞாயிறன்று அம்மாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

இனெஸின் பதில் வந்தது.

“உங்கள் திருத்தத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் இதை நான் ஏற்க முடியாது. எங்கள் துறைமுகத்தில் என் தங்கையின் கணவர் படகு ஓட்டுகிறார். அம்பு இப்போது பார்க்கும் பக்கத்துக்குப் பழகியவர். இதை இன்று வெளியிட்டால், நாளை உங்கள் அண்ணன் சரியாகப் படிப்பார். என் தங்கையின் கணவர் தவறாகப் படிப்பார்.”

கடியப்பட்டணத்துக் கரையில் கைலியின் மடிப்பில் செருகியிருக்கும் கைபேசியும், நான் பார்த்தே இராத ஒரு துறைமுகத்தில் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும், நான் மாற்றிய அதே ஒரு வரியைத்தான் நம்பியிருந்தன. நான் அதை அதுவரை எங்கள் செயலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அம்மாவிடம் நான் சொன்னது இதைத்தான்.

“அந்தப் பொண்ணுக்க தங்கச்சிக்குப் பிள்ளை உண்டா?”

“தெரியாதும்மா.”

“அவனையும் கடல்ல விட்டுராத. ரெண்டு பேரும் கரை சேருகமாதிரி ஏதாவது செய்.” பிறகு, “ஆனா சீக்கிரம் செய். இவன் வீட்டுல இருந்து எனக்க உயிர எடுக்கான்.”

7

இரண்டு சுவடிகளில் இரண்டு பாடங்கள். இரண்டுமே அந்தந்த ஊரில் சரி. அப்படி வரும்போது நல்ல பதிப்பாசிரியர் எதையும் அழிக்கமாட்டார். இரண்டையும் வாசகனின் கண்முன் வைப்பார். அம்பு அப்படியே இருக்கட்டும், அதன் கீழே காற்றின் பெயர் வரட்டும் என்று எழுதினேன். ஒவ்வொரு கரைக்கும் அதன் காற்றுப் பெயர்கள் அடங்கிய ஒரு சிறு கோப்பு. கரையைத் தேர்ந்தெடுத்தவனுக்கு அந்தப் பெயர்கள் தெரியும். அம்பை எவரும் எப்படியும் படிக்கலாம். கச்சான் என்று எழுதியிருப்பதை எங்கள் ஊரில் ஒருவனும் வாடை என்று படிக்கமாட்டான்.

இனெஸ் ஒரே சொல்லில் பதில் எழுதினாள்: “எழுதுங்கள்.”

எட்டுத் திசைக்கும் பெயரும், ஒவ்வொரு பெயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் வேண்டியிருந்தது. அண்ணனிடம் கேட்டேன். அவனோடு வள்ளத்தில் போகும் குளச்சல்காரர் சேவியரும் அருகில் இருந்தார்.

“கொளச்சல் பக்கம் இருந்து அடிச்சா, அதுவும் கச்சான்தான்,” என்றான் அண்ணன்.

“எலே, நாங்க கொளச்சல்ல நிக்கோம். எங்களுக்கு அது எந்தப் பக்கம் இருந்துலே வரும்?”

“நீ ஒனக்க ஊர்ல நின்னு பேசாத. எனக்க ஊர்ல நின்னு பேசு.”

“ஒனக்க ஊர்ல நிக்க எடம் எங்க இருக்கு? அதான் வள்ளத்துலயே கெடக்கேன்.”

அம்மா கைபேசியைப் பிடுங்கினாள். “ஏட்டி, இவனுவ பேசி முடிக்கதுக்குள்ள காத்தே மாறிரும். நீ கடியப்பட்டணத்துக்கு எழுது. கொளச்சல்காரனுக்கு வேணும்னா அவன் எழுதட்டும்.”

ஒரு கரைக்கு ஒரு கோப்பு என்ற முடிவு அப்படித்தான் உறுதியானது. பெயர்களை எழுதுவது எளிதாக இருந்தது. அவற்றைத் திரைக்குக் கொண்டுவரும் நிரல்தான் என் பல வாரங்களை எடுத்துக்கொண்டது. பிறர் எழுதியதைப் பார்த்து, அவர்கள் நடையில் ஒவ்வொரு வரியாக எழுதினேன். அனுப்பியதும் யாரென்றே தெரியாத ஒருவர் வரிவரியாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். திட்டப்போகிறார் என்று திறந்தேன். ஒவ்வொரு குறிப்பிலும் இப்படி மாற்றலாம் என்பதோடு ஏன் என்பதும் இருந்தது. கடைசியில் நன்றி இருந்தது. எனக்கு நன்றி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. திருத்தி மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா “ஆச்சா?” என்றாள், “இல்லம்மா” என்றேன்.

8

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை என் திருத்தம் ஏற்கப்பட்டது. கோப்பின் தலையில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார்கள். கடியப்பட்டணத்து மீனவர்கள் சொன்னது என்று எழுதி, அதன் கீழ் என் பெயரை, அப்பாவின் முதலெழுத்தோடு எங்கள் வழக்கப்படி போட்டேன். இங்கே யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை.

அதன்பின் நடந்ததற்கு நான் தயாராக இருக்கவில்லை. சனிக்கிழமை இனெஸ் தன் துறைமுகத்துக் காற்றுகளின் பெயர்களைச் சேர்த்தாள். அன்றே ஏட்ரியாட்டிக் கடலின் ஒரு தீவிலிருந்து ஒருவர் சேர்த்தார், அடுத்து பிரிட்டனிக் கரையிலிருந்து இன்னொருவர். வத்சலா அக்கா பருத்தித்துறைக்கு உரியதைச் சொல்லச் சொல்ல, அபிராமி என் கணினியில் தட்டெழுதினாள்; ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகே எழுதினாள். கேட்டிராத மொழிகளில், கேட்டிராத காற்றுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பூமியின் கரைகளிலெல்லாம் மனிதர்கள் முகத்தைத் திருப்பி நின்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அதுவரை நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. உண்ண மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று அண்ணன் புதிய பதிப்பை இறக்கிவிட்டு அம்மா கேட்கும்படி உரக்கப் படித்தான்.

“நாளைக்கு உச்சைக்கு, வாடை. தமிழ்ல எழுதியிருக்கும்மா. வாடைன்னே எழுதியிருக்கு.”

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கைபேசியை வாங்கி, “வா... டை,” என்று அவளே கூட்டிப் படிப்பது எனக்குக் கேட்டது.

“செரி,” என்றாள். “போ. ஆனா மண்ணெண்ணெய் கூட எடு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு நூலகம் திறந்தபோது வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. சிலியின் தெற்கே ஒரு தீவிலிருந்து ஒரு கோப்பு வந்து கிடந்தது, “இதை நீங்கள் சரிபார்க்க முடியுமா?” என்று இனெஸ் அதன்மீது என் பெயரைக் குறித்திருந்தாள். மெதுவாகப் படித்தேன். அதில் இரண்டு எதிர்த்திசைகளுக்கு ஒரே பெயர் இருந்தது. எது கரையிலிருந்து வரும் காற்று, எது கடலிலிருந்து வருவது என்று கேட்டு, கோப்பை எழுதியவரின் பதிலுக்குக் காத்திருப்பதாக எழுதி அனுப்பினேன். கடியப்பட்டணத்தில் அப்போது மதியம் பன்னிரண்டரை. தூரக்கடலில் கைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. அண்ணன் கரை சேர இன்னும் நேரம் இருந்தது. அடுத்த கோப்பைத் திறந்தேன்.